ஒற்று சார் சுட்ட பலகை

அச்சகத்தில் அவருக்கு 'ஒற்று சார்' என்று பெயர். எந்தச் சொல்லுக்குப் பின்னால் க், ச், த், ப் வரும், எங்கே வராது என்று இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புத் தாளில் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்து, கடைசியில் அந்த வியாதியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கல்யாண நாளன்று மனைவி ஒரு சீட்டில், 'இத்தனைக்கு அப்புறமும் உங்களை ரொம்ப பிடிக்கும்' என்று எழுதிக் கையில் கொடுத்தாள். மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? இவர் படித்தார், பேனாவைத் திறந்தார், 'ரொம்ப'வுக்குப் பக்கத்தில் ஒரு 'ப்' போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். பதினேழு நாள் ஆயிற்று. வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"ஞாயித்துக்கிழமை காலையில தம்பியோட வர்றேன். மிச்சத் துணியை எடுத்துட்டுப் போகணும்."

மிச்சத் துணி! அப்படியென்றால் அவள் திரும்பி வரப்போவதில்லை. அந்தப் பயத்திலும், 'த் சரியாகத்தான் விழுந்திருக்கிறது' என்று மனசு ஒரு நொடி கணக்குப் போட்டது. சீ, இந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஒரு வருடமாக அவள் போனில் படங்களாக அனுப்பிக்கொண்டிருந்தாள். சொரசொரப்பான மரப்பலகை மாட்டிய சுவர், சணல் கயிறு சுற்றிய ஜாடி, அதற்குள் குட்டி விளக்கு. 'நம்ம ஹாலும் இப்படி இருந்தா?' என்று கேட்டிருந்தாள். படத்தின் கீழே இருந்த எழுத்துப்பிழையைத்தான் இவர் ஒவ்வொரு முறையும் பதிலாக அனுப்பியிருந்தார். இப்போது எல்லாவற்றையும் மறுபடி திறந்து பார்த்தார். 'ரஸ்டிக் லுக், நீங்களே செய்யலாம், அரை நாள் போதும்' என்று ஒரு வீடியோக்காரன் சத்தியம் செய்தான்.

அச்சகத்துக்குக் காகிதக் கட்டு வந்திறங்கும் மரச்சட்டத்திலிருந்து நாலு பலகையை பைண்டர் பெயர்த்துக் கொடுத்தார்.

"நல்லா இருக்கிற வீட்டை எதுக்கு சார் பழசாக்குறீங்க?"

"பழசாக்கலைப்பா. பழசு மாதிரி ஆக்குறேன்."

"ரெண்டும் வேற வேறயா?" என்றார் பைண்டர்.

மரத்துக்கு வயசான நிறம் வர ஸ்ட்ராங்கான டீயைத் தடவச் சொல்லியிருந்தான் வீடியோக்காரன். டீ என்றால் டீதானே? சனிக்கிழமை காலை கடையில் நாலு டீ ஸ்ட்ராங்காக வாங்கி வந்து, பாலும் சர்க்கரையுமாகப் பலகையில் பூசிவிட்டார் நம் மேதை. மத்தியானத்துக்குள் ஊரிலுள்ள எறும்பெல்லாம் விருந்துக்கு வந்துவிட்டது. துடைத்தார், தேய்த்தார், வெயிலில் வைத்தார். சணல் சுற்றும்போது பசை மீசையில் ஒட்டிக்கொண்டு, பாதி மீசை கத்தரிக்குப் போனது. நாற்பத்தெட்டு வயதில் எனக்கு இதெல்லாம் தேவைதான் என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்லிக்கொண்டார்.

ஆனால் பெரிய பலகையில் அவருக்குப் பெருமை. கீழ்வீட்டு எலக்ட்ரீஷியனிடம் சூடேற்றும் சால்டரிங் கம்பியை இரவல் வாங்கி, இரண்டு மணி நேரம் குனிந்து, 'நல்வரவு' என்று எழுத்தெழுத்தாக மரத்தில் சுட்டார். மூன்று முறை படித்துப் பார்த்து, வாசலுக்கு நேர் எதிரே மாட்டினார்.

ஞாயிறு காலை தம்பியோடு அவள் வந்தாள். கையில் காலிப் பெட்டி. ஜாடியைப் பார்த்தாள், பாதி மீசையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"நல்லரவு," என்று படித்தாள்.

"நல்வரவு," என்றார் இவர்.

"நல்லா பாருங்க. ந, ல், ல, ர, வு. நல்லரவு."

"அரவுன்னா என்னக்கா?" என்றான் தம்பி.

"பாம்புடா. இவரோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு இதுகூடத் தெரியாதா? நல் கூட்டல் அரவு, நல்லரவு. இலக்கணம் மட்டும் சுத்தமா இருக்கு. வீட்டுக்கு வர்றவளை நல்ல பாம்புன்னு எழுதித் தொங்கவிட்டிருக்கார்!"

இவருக்குக் காது சூடாகிவிட்டது. வ சுட வேண்டிய இடத்தில் ல. ஊரார் பிழையை நூறடி தூரத்திலிருந்து பிடிக்கிறவர், தன் கையால் சுட்ட பிழையைத் தலைக்குமேல் மாட்டி, அதைப் பார்த்துப் பூரித்தும் இருக்கிறார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார்.

"மூணு தடவை படிச்சேன். சத்தியமா எனக்குத் தெரியலை."

"உங்களுக்கா தெரியலை?"

"பயத்துல இருந்தேன். நீ துணியை எடுத்துட்டு ஒரேயடியா போயிடுவியோன்னு. எழுத்தைப் பாத்தேனே தவிர, மனசு அதுல இல்லை."

பலகையைக் கழற்றக் கை வைத்தார்.

"தொடாதீங்க," என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குப் புரியவில்லை.

"அக்கா, கீழே வண்டி நிக்குது. துணியை எடுக்கிறியா?"

"நீ கிளம்புடா. இந்த மனுஷன் இப்பத்தான் தப்புப் பண்ணவே கத்துக்கிட்டிருக்கார். கூட இருந்து பாக்கணும்."

ஒற்று சார் பலகையிலிருந்து கையை எடுத்தார். ஸ்டூலிலிருந்து இறங்காமலே அழுதார்.