முந்தானையில் ராக்கெட் எழுத்து

சந்திரனில் ஆள் இறங்கிய மறுவருஷம். நெல்லுக்காரத் தெருவில் புதிதாக வந்த 'கலை ரேடியோ' கடைக்குப் பெயின்டர் சபாபதி ஏணியில் நின்று பலகை எழுதிக்கொண்டிருந்தான். பட்டு நெசவுக்காரர் வீரபாகு சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாப்பா, சேலைக் கோபுரக் கரையைப் பலகையில ஏத்திக்கினு இருக்கிற?"

"கரை இல்ல நைனா, எழுத்து. ராக்கெட் எழுத்து! சந்திரனுக்கே ஆளு பூட்டான், நம்ம எழுத்து மட்டும் சுருண்டுக்கினு கெடக்கணுமா?"

கிழவர் எழுத்துக் கூட்டினார். 'க' வந்தது. 'லை'யில் நின்றுவிட்டார். யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்து வருகிற 'லை'யை இந்தப் பயல் முழங்கையாக மடக்கி நிறுத்தியிருந்தான். வளைவே கிடையாது. எல்லாம் நேர்கோடு, கோபுரக் கரைச் சாய்வு. கத்தியால் சீவினது போல, இப்போதே கிளம்பிவிடும் போல நின்றது.

இந்த நேர்கோடு தறியில் அப்படியே ஏறும் என்று அவருக்குப் பட்டது. பெண்டாட்டி தில்லையம்மாளுக்குத் தன் பேர் போட்ட முந்தானை வேண்டும் என்று வெகுநாள் ஆசை. ஒருமுறை நெய்தும் கொடுத்தார். நெடுக்கு நூலும் குறுக்கு நூலும் ஓடுகிற தறியில் வட்டம் படிக்கட்டு மாதிரி உடைந்துபோகும். 'லை' பூரானாக வந்தது. "எம்மேல பூரானை வுட்ட மனுசன்" என்று தெருவுக்கே சொல்லிக்காட்டினாள். தையில் அறுபதாம் கல்யாணம். இந்தத் தரமும் பூரான் வந்தால் கடைச் சேலை கட்டிக்கொண்டுதான் மணையில் உட்காருவாளாம். நெசவுக்காரன் பெண்டாட்டி!

தறிக்கு மாதிரி போடுகிற கட்டத் தாளில் அவள் பேரை எழுதச் சொன்னார். சபாபதி எழுதினான். கேட்காமலே பக்கத்தில் அவர் பேரையும் எழுதினான். கிழவர் முறைத்தார், அழிக்கச் சொல்லவில்லை. நம்பவும் இல்லை. ரேடியோக் கடைக்காரர் கலியாணசுந்தரத்திடம் தாளை நீட்டி, பக்கத்துப் பேரை விரலால் மறைத்துக்கொண்டார்.

"இத படிய்யா. அவன் ஏமாத்துறானான்னு பாக்கணும்."

"தில்லையம்மாள். யாரு பெரியவரே, டிராமாக்காரியா?"

"எம் பொண்டாட்டிய்யா!"

அதற்குப் பிறகு அந்த எழுத்து ஸ்கூட்டர் மெக்கானிக் கடையில் ஏறியது, சோடா வண்டியில் ஏறியது. ஒவ்வொன்றையும் கிழவர் நின்று பார்த்தார். வண்டி ஓடும்போதும் படிக்க முடிந்தது. "திருட்டுப் பய, நல்லாத்தான் பண்றான்" என்று தறியிடம் சொன்னார்.

தை வந்தது. மணையில் தில்லையம்மாள். பக்கத்து வீட்டுத் தேவகி முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாக்கா, புதுக் கரையா?"

"பேருடி!" ஜரிகை மேல் விரலை ஓட்டினாள். "தில்... லை... யம்... மாள்." பூரான் இல்லை. முழங்கை மடக்கிய 'லை' நிமிர்ந்து நின்றது.

"பக்கத்துல இன்னா?"

"வீ..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். புருஷன் பேரைச் சபையில் எப்படிச் சொல்வது? முந்தானையைத் தூக்கி அவர் மடியில் போட்டாள். "நீங்களே படிங்க."

கூட்டம் சிரித்தது. கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் பேரையே எழுத்துக் கூட்டி, தெருக்கோடி வரைக்கும் கேட்கப் படித்தார்.