கடற்காற்றுக்குப் பூசிய கிறீஸ்

மேசைக்குக் கீழே அரை உடம்பை நுழைத்து, டோர்ச்சைப் பல்லில் கடித்தபடி, ஷிஹாரா ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி மறுபடியும் குத்தினாள். மேலே திரையில் செய்தி வாசிப்பவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். சத்தம் மட்டும் வரவில்லை.

அதே அறையில், ஜன்னலோரக் கட்டிலில், அவளுடைய வாப்பா செய்னுலாப்தீன் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். நுரையீரல் போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தலைமாட்டில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த அபூசாலி மாமா, மச்சானின் காதருகே குனிந்து சொல்லிக்கொண்டேயிருந்தார்.

"கலிமாவச் சொல்லுங்க மச்சான். லா இலாஹ இல்லல்லாஹ்... சொல்லுங்க."

வாப்பாவின் உதடு அசையவில்லை. கண் மட்டும் மேசைப் பக்கமே நின்றது.

"இந்த நேரத்தில கொம்பியூட்டரோட என்ன மல்லுக்கட்டு மகள்?" என்றார் மாமா. "டவுன்ல ஈந்து ஒரு பொடியனக் கூப்புடுவம்."

"பொடியன் வந்து சேரக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும் மாமா."

மாமா மறுபடியும் மச்சானின் காதருகே குனிந்தார்.

விடியற்காலையில் டோஹாவில் அவளுடைய அண்ணன் ஜௌபர் நானாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. இந்தக் குடும்பத்தில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் வலது காதில் பாங்கு சொல்வது வாப்பாதான். ஷிஹாரா இந்த உலகத்தில் கேட்ட முதல் சத்தமே அவருடைய சத்தம்தான். ஜௌபர் தானே சொல்லியிருக்கலாம். அவனும் பிடிவாதக்காரன், வாப்பா சொல்லட்டும் என்று பிள்ளையின் காதைக் காவல் காத்துக்கொண்டு நின்றான்.

காலையில் போனில் முயன்று பார்த்தார்கள். வாப்பாவின் குரல் நூல் மாதிரி மெலிந்திருந்தது. "வாப்பா, ஒண்டுமே வெளங்குதில்ல... இன்னொருக்காச் சொல்லுங்க" என்று அந்தப் பக்கம் ஜௌபர் அழத் தொடங்கினான். வாப்பா போனைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதைப் பார்த்த நிமிடத்தில்தான் ஷிஹாராவுக்குத் தன் மைக் ஞாபகம் வந்தது. கணக்கு வகுப்புப் பாடங்களைப் பதிவு செய்ய அவள் எடுப்பித்தது. கொசு பறந்தாலும் பிடிக்குமாம். அதற்காகவே ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கித் தன் கையாலேயே கொம்பியூட்டரையும் கட்டியிருந்தாள். மைக்கும் ஸ்பீக்கரும் நேற்றுத்தான் பார்சலில் வந்தன. வாப்பா கிடந்த கிடையில் அதைப் பிரிக்க யாருக்கு நேரம்?

இப்போது பிரித்துப் பூட்டினால், இது ஊமையாகவும் செவிடாகவும் நிற்கிறது.

சத்தம் திரைக்குப் போகிறதோ என்று அமைப்பை மாற்றிப் பார்த்தாள். ஒலிக்கான மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். ஸ்பீக்கரைப் போனில் குத்தினால் கணீரென்று பேசியது; கொம்பியூட்டரில் குத்தினால் மௌன விரதம். நடுப்பகல் ளுஹர் தொழுகை வரைக்கும்தான் பொறுக்கலாம், பிறகு ஜௌபரையே சொல்லச் சொல்லப் போகிறோம் என்று டோஹாவிலிருந்து சம்பந்தி வீட்டார் வேறு செய்தி அனுப்பினார்கள்.

"அது சரி, இதுக்குள்ளால பாங்கு சொன்னா மார்க்கத்தில கூடுமா?" என்று மாமா மெல்ல இழுத்தார்.

உம்மா கமறியா கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள். "கூடுதோ கூடல்லயோ அல்லா பாத்துக்குவான். அந்த மனிசன்ட ஆச அது. நீங்க கொஞ்சம் சும்மா ஈரிங்க நானா."



ஷிஹாரா வயரைத் திரும்பவும் குத்தினாள். அப்போதுதான் உறைத்தது. உள்ளே போய் உட்காரும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். அது வரவேயில்லை. புதுசு, இறுக்கமாக இருக்கிறது என்று இவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தாள். பிடுங்கி முனையை வெளிச்சத்தில் பிடித்தாள். மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

அந்த வாசனையை அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். போட் எஞ்சினுக்குப் போடும் கிறீஸ். சின்ன வயதில் வாப்பா கடலிலிருந்து வந்து தூக்கும்போதெல்லாம் அவருடைய கையில் மணத்தது இதுதான்.

டோர்ச்சை அடித்துப் பின்பக்கத்தைப் பார்த்தாள். திரையும் விசைப்பலகையும் பூட்டியிருந்த இடங்களைத் தவிர, வெறுமையாக இருந்த ஒவ்வோர் ஓட்டையும் நிறைய நிறையக் கிறீஸ்.

மேசைக்குக் கீழிருந்து வெளியே வந்து கட்டிலருகே முழங்காலிட்டாள்.

"வாப்பா, கொம்பியூட்டர்ர ஓட்டைக்கெல்லாம் கிறீஸ் வெச்சீங்களா?"

வாப்பாவின் முகத்தில் ஒரு பெருமை வந்தது. உதட்டருகே காதை வைத்துத்தான் கேட்க முடிந்தது.

"கடக்காத்து மகள்... சும்மா உட்டா இரும்பெல்லாம் கறள் புடிச்சிரும்."

எப்போது எழுந்தாரோ, எப்படி நடந்தாரோ. ஷிஹாராவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. கொம்பியூட்டரை நிற்பாட்டி, வாப்பாவின் மருந்துத் தட்டிலிருந்த ஸ்பிரிட் போத்தலையும் காது குடையும் பஞ்சுக்குச்சிகளையும் எடுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே பாய்ந்தாள். பச்சை ஓட்டை ஸ்பீக்கருக்கு, ரோசா நிற ஓட்டை மைக்குக்கு. அந்த இரண்டையும் குடைந்தாள், துடைத்தாள், ஊதினாள். குச்சி வெள்ளையாக வெளியே வரும்வரை விடவில்லை.

வயரைக் குத்தினாள். டிக்.

மைக்கையும் குத்தினாள். டிக்.

அவசரத்தில் சத்தத்தை முழுவதாகத் திறந்து வைத்திருந்ததை மறந்தே போனாள். கொம்பியூட்டரைத் திரும்பப் போட்டு ஜௌபருக்கு வீடியோ கோல் எடுத்ததும், டோஹாவில் அழுத பிள்ளையின் குரல் அறையை அதிர வைத்தது. முருங்கையில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. மாமா கதிரையோடு பின்னால் சாயப் பார்த்தார். காது மந்தமான வாப்பா கண்ணை அகலத் திறந்து, பல்லில்லாத வாயால் சிரித்தார்.

"வந்திட்டு வாப்பா! வந்திட்டு!" என்று ஷிஹாரா கத்தியேவிட்டாள். சத்தத்தை அளவாக்கி, மைக்கை அவருடைய உதட்டருகே பிடித்தாள். "நானா, போனப் புள்ளட வலது காதுல புடிங்க."

"அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர்..."

அறையில் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்காத குரல். ஆனால் திரையில் குரலைக் காட்டும் பச்சைக் கோடு துள்ளி எழுந்தது. "கேக்குது வாப்பா! நல்லாக் கேக்குது!" என்றான் ஜௌபர். அழுதுகொண்டிருந்த பிள்ளை அழுகையை நிறுத்தியது.

ஒவ்வொரு வரிக்கும் வாப்பா நின்று மூச்செடுத்தார். ஒரு வரியையும் விடவில்லை. இடையில் மாமா சட்டைப்பையிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பள்ளிவாசல் பாங்குக்குப் போல வரிக்கு வரி பதில் சொல்லத் தொடங்கினார். உம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள்.

"லா இலாஹ இல்லல்லாஹ்."

முடித்துவிட்டு வாப்பா ஷிஹாராவைப் பார்த்தார். வலை நிறைய மீனோடு கரையேறிய ஆள் பார்ப்பது போலப் பார்த்தார். அதன் பிறகு அவர் பேசவில்லை. அஸர் தொழுகைக்குச் சற்று முன்னால் மூச்சு நின்றது.

மறுநாள் காலை ஜனாஸாவுக்கு வந்தவர்களையெல்லாம் மாமா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "மனிசன்ட கடைசி வார்த்த என்னெண்டு தெரியுமா? கலிமா! நான் அவ்வளவு கெஞ்சியும் சொல்லல்ல. பேத்திட காதுல சொன்னாரு. நாங்க ஸ்பிரிட் போட்டுத் தொடச்சி எடுத்தமே!"

வாப்பாவைச் சுமந்த சந்தூக்கு வாசலைத் தாண்டும்போது, வீடியோ கோலில் பார்த்துக்கொண்டிருந்த ஜௌபரின் தோளில் கிடந்த பிள்ளை வீரிட்டு அழுதது. ஸ்பீக்கர் வழியாக அழுகை முற்றம் வரைக்கும் போனது.

"மௌத்தான ஊடு... சத்தத்தக் கொறைங்க மகள்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"கொறைக்காத" என்றாள் உம்மா.

பெண்கள் யாசீன் ஓத உட்கார்ந்த பிறகு, வயர்களைச் சுருட்டி வைக்க ஷிஹாரா மேசைக்குக் கீழே போனாள். ஸ்பிரிட் போத்தல் நேற்று வைத்த இடத்திலேயே இருந்தது. மிச்ச ஓட்டைகளையும் துடைத்துவிடலாம் என்று ஒரு குச்சியை நனைத்துக்கொண்டு டோர்ச்சை அடித்தாள். ஓட்டைகளைச் சுற்றி வழிந்திருந்த கிறீஸில், அழுத்தித் தடவிய பெருவிரலின் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

அவள் போத்தலை மூடினாள்.