வடமாலபேட்டையில் முழுகிய கப்பல்

மச்சினி பிரீத்தியின் நிச்சயதார்த்தத்துக்காகத் திருப்பதிக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், நகரியில் இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கும் கமலக்கண்ணன் அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவில் இருந்தான். பட்டு வேட்டி கட்டியாகிவிட்டது. சட்டைப் பொத்தான் பாதிதான் போட்டிருந்தான். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் இருந்த லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி ஸ்வர்ணலதா கதவருகே வந்து நின்றாள்.

"இன்னாங்க, முடிஞ்சுதா இல்லியா?"

"முழுகிக்கினே கீது. இதோ ஆயிடும்."

"நான் பூ வைக்கறப்பவும் இதையேதான் சொன்னீங்க. பூவே வாடிப்போச்சு. உங்க கப்பலு வாடல."

கமலக்கண்ணன் விளையாடுவது நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டு. உலகப் போர்க் காலத்துக் கப்பல் ஒன்றுக்கு அவன்தான் கேப்டன். கடலுக்கடியில் பதுங்கியிருந்து, மேலே போகும் சரக்குக் கப்பல்களை டார்பிடோ விட்டு அடிக்க வேண்டும். ஆரம்பத்தில் இது வெகு சுலபமாக இருந்தது. அந்த விளையாட்டில் ஒவ்வொரு கப்பலுக்கும் உயிர் இவ்வளவு என்று ஒரு கணக்கு இருக்கும். அடி விழுந்தால் அது குறையும். தீர்ந்ததும் கப்பல் தீப்பிடித்து, கல்லைப் போட்ட மாதிரி நேரே அடியில் போய்விடும். ஒரு டீ ஆறுவதற்குள் மூன்று கப்பலை மூழ்கடித்துவிட்டுக் கடை திறக்கப் போய்விடுவான்.

புத்தூரில் செல்போன் சர்வீஸ் வைத்திருக்கும் அவன் சிநேகிதன் சலீம்தான் அதைக் கெடுத்தான். நிஜத்தில் கப்பல் எப்படி முழுகுமோ அப்படியே முழுக வைக்கும் ஃபைல் ஒன்று இணையத்தில் கிடைக்கிறது என்று சொல்லி அதை ஏற்றிக்கொடுத்தான். அன்றிலிருந்து எந்தக் கப்பலும் லேசில் முழுகவில்லை. அடிபட்ட ஓட்டை வழியாக ஓர் அறைக்குள் தண்ணீர் புகும். அது நிரம்பிய பிறகு சுவர் தாங்காமல் அடுத்த அறைக்குப் போகும். உள்ளே இருக்கிறவர்கள் பம்ப் போட்டு இறைப்பார்கள். கப்பல் ஒரு பக்கம் சாயும், பிறகு மனசு மாறினது போல மறுபக்கம் நிமிரும். முழுசாகத் தண்ணீருக்குள் போனால்தான் கேப்டன் கணக்கில் சேரும்.

இன்றைக்கு அடித்தது பெரிய கப்பல். மூக்கில் ஒன்று, வாலில் ஒன்று. கையில் இருந்த கடைசி டார்பிடோவும் போய்விட்டது. பீரங்கியால் சுடலாமென்றால் கடலில் ஒரே அலை, ஆட்களால் மேல்தளத்தில் நிற்கவே முடியவில்லை. காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"அப்படியே சேவ் பண்ணி வெச்சுட்டு வாங்களேன்."

"சேவ் பண்ணித் தெறந்தா ஓட்டையெல்லாம் தானா அடைஞ்சு, கப்பலு புதுசாட்டம் நிக்கும்."

"அப்ப பாஸ் போட்டு வெச்சுட்டு வாங்க."

"லேப்டாப்பு சூடாயிடும்," என்றான். அது பொய். நிறுத்திவைத்தால் ஒன்றும் ஆகாது. அந்தக் கப்பல் போகிற போக்கைக் கண்ணால் பார்க்காமல் எழுந்து வர அவனுக்கு மனம் இல்லை, அவ்வளவுதான்.

வாசலில் காருக்குள்ளிருந்து அவன் அம்மா கன்னியம்மாளின் குரல் வந்தது. "டேய் நைனா, பழமெல்லாம் வெயில்ல வெந்துபோவுதுடா."

ஸ்வர்ணலதா லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டாள். "எழுந்து வந்து வண்டிய எடுங்க. இத நான் மடியில வெச்சுக்கறேன். இன்னா ஆவுதுன்னு சொல்லிக்கினே வரேன். போதுமா?"

அவளுக்கு அந்த விளையாட்டைக் கண்டாலே ஆகாது. அவளே இப்படிச் சொன்னது அவனுக்கு நம்ப முடியாமல் இருந்தது. கடைக்காரனாயிற்றே, காரில் லேப்டாப்புக்குக் கரன்ட் வரும்படி எப்போதோ ஒரு சின்ன இன்வெர்ட்டர் மாட்டியிருந்தான். அதில் செருகிவிட்டுக் கிளம்பினார்கள். பின் சீட்டில் கன்னியம்மாளும் பழத்தட்டுகளும், முன் சீட்டில் ஸ்வர்ணலதாவும் அட்லாண்டிக்கும்.

நகரியைத் தாண்டியதும் கேட்டான். "சாயுதா?"

"சாஞ்சுதான் கீது."

"எந்தப் பக்கம்?"

"என் பக்கம்."

"உன் பக்கம்னா வலது பக்கமா?"

"நீங்க ரோட்டப் பாருங்க."

ஒரு டிராக்டரை முந்திவிட்டு மறுபடி கேட்டான். மூக்கு எவ்வளவு தண்ணீருக்குள் இருக்கிறது, வால் தூக்கிக்கொண்டு நிற்கிறதா, அதன் அடியில் சுழலும் சக்கரம் வெளியே தெரிகிறதா என்றெல்லாம் விசாரித்தான். அவள் முதலில் எரிச்சலோடு பதில் சொன்னாள். பிறகு அவன் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். முன்பக்கம் ஓர் அலை ஏறி இறங்கினது, புகைபோக்கியில் புகை நின்றுபோனது, கப்பல் ஓரத்தில் வெள்ளைக் கம்பி மாதிரி இருந்தது இப்போது இல்லை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"அதுல எத்தினி பேர் கீறாங்க?" என்று கன்னியம்மாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரும் இல்லம்மா. கேமு."

"ஆளில்லாமயா கப்பலு ஓட்டுவாங்க? பாவம், காலையில துன்னாங்களோ இல்லியோ."

புத்தூர் வந்தது. சலீமின் கடையைத் தாண்டும்போது கமலக்கண்ணன் அந்தப் பக்கம் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டான். ஸ்வர்ணலதா திரைக்குக் கிட்டே குனிந்திருந்தாள்.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. அப்படியேதான் கீது," என்றாள். திரையை அவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் திருப்பிக்கொண்டாள்.

இப்படியே போனால் நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணமும் ஆகிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. விளையாட்டில் நேரத்தை வேகமாக ஓட்டுவதற்கு ஒரு பொத்தான் உண்டு. "அந்த பிளஸ்ஸ ரெண்டு தட்டு தட்டு," என்றான். தட்டினாள். மேகங்கள் ஓடின, அலைகள் துடித்தன, கப்பல் மட்டும் விடாப்பிடியாக மிதந்தது.

வடமாலபேட்டை டோல்கேட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் ஒரு லாரியின் ஸ்டிக்கரை எந்திரம் படிக்கவில்லை. டிரைவர் தெலுங்கில் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஸ்வர்ணலதா சொன்னாள். "ஏங்க, நான் ஒண்ணும் தொடல. தானா மெதுவா போவுது."

கமலக்கண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். எதிரி கண்ணில் பட்டால்தான் விளையாட்டு தானாக வேகத்தைக் குறைக்கும். "தூரத்துல புகை மாதிரி எதனா தெரியுதா?"

"ஆமா. சின்னதா. இங்கதான் வருது."

ரோந்துக் கப்பல். இவ்வளவு நேரம் கேப்டன் கமலக்கண்ணன் அடிபட்ட கப்பலுக்குப் பக்கத்திலேயே, சந்தையில் வேடிக்கை பார்க்கிறவன் மாதிரி, தண்ணீருக்கு மேலேயே நின்றிருந்தான். "டி எழுத்த அமுக்கு. சீக்கிரம் அமுக்கு."

அமுக்கினாள். மணி அடித்து, அவர்கள் நீர்மூழ்கி கீழே இறங்கியது. திரை இருண்டது.

கன்னியம்மாளுக்கு விளங்கவில்லை. "நாம எதுக்குடா முழுகறோம்? முழுக வேண்டியது அவங்கதானே?"

"அம்மா, சத்தம் போடாத. மேல ஆளு கீறான்."

கன்னியம்மாள் உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். ரோந்துக் கப்பலின் சக்கரம் தண்ணீரைக் கடையும் சத்தம் நெருங்கி வந்தது. அந்த நேரம் பார்த்துக் கமலக்கண்ணனின் போன் அடித்தது. மாமனார் முனிகிருஷ்ணன்.

"மாப்ளே, எங்க கீறீங்க? மாப்பிள்ளை வீட்டுக்காரங்கல்லாம் வந்துட்டாங்க."

"டோல்கேட்டுல மாமா," என்று கிசுகிசுத்தான்.

"ஏன் மெதுவா பேசறீங்க? உடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் கீறேன். வந்துக்கினே கீறோம்," என்று இன்னும் மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தான்.

பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. சக்கரத்தின் சத்தம் தலைக்கு மேலே போய்த் தேய்ந்தது. அது அடங்கியதும் வேறொரு சத்தம் கேட்டது. தகரப் பந்தலை யாரோ முறுக்குவது போல ஒரு நீண்ட முனகல், பிறகு ஏதோ முறிந்து விழும் ஓசை.

"இது அவங்களுதா, நம்பளுதா?" என்று ஸ்வர்ணலதா அவன் கையைப் பிடித்தாள்.

அவனுக்கும் தெரியவில்லை. எட்டித் திரையைப் பார்த்தான். ஓரத்தில் ஒரு வரி வந்து நின்றது. கப்பல் முழுகிவிட்டது, கணக்கில் சேர்ந்தது.

கமலக்கண்ணன் ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினான். டார்பிடோ தீர்ந்தும், பீரங்கி இல்லாமலும், மனைவியை வைத்து முடித்த காரியம். சலீமிடம் எப்படியெல்லாம் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே திரும்பினால், ஸ்வர்ணலதா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி?"

"அதுலேருந்து ரெண்டு படகு எறக்கினாங்க."

"எப்போ?"

"புத்தூர் தாண்டறப்போ."

"சொல்லவே இல்லியே."

"சொன்னா அதையும் அடிப்பீங்களோன்னு பயந்தேன்."

கமலக்கண்ணனுக்குச் சுருக்கென்றது. கட்டெறும்பைக்கூட நசுக்காமல் ஊதித் தள்ளுகிறவன் அவன். "என்ன இன்னான்னு நெனச்சுக்கினு கீற நீ?" என்றான். லாரி நகர்ந்தது. திருப்பதி வரைக்கும் அவன் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் மட்டும் ஒருமுறை, மேலே போய்ப் பார்க்க எந்தப் பொத்தான் என்று கேட்டாள். சொன்னான். அமுக்கிப் பார்த்தாள். அலையைத் தவிர வேறொன்றும் இல்லை.

மண்டபத்துக்குள் நுழையும்போது கமலக்கண்ணனின் முகம் எழவு வீட்டுக்குப் போகிறவன் முகம் போலிருந்தது. பின்னால் ஸ்வர்ணலதா திறந்த லேப்டாப்போடு வந்தாள், அவள் கண் சிவந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஆதிநாராயணன் வாசலிலேயே நின்றிருந்தார். எதிலும் நேரம் தவறக்கூடாது என்பவர். இரண்டு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தவர், இவர்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"ஏன் லேட்டுன்னு கேக்காதீங்க சம்பந்தி," என்றாள் கன்னியம்மாள். "வர வழியில கப்பலு முழுகிப்போச்சு. ஆளுங்க படகுல எறங்கினாங்க, என்ன ஆனாங்கன்னே தெரியல. இவனும் போராடித்தான் பார்த்தான்."

"அய்யோ பாபம்," என்றார் ஆதிநாராயணன். "சொந்தக்காரங்க யாராவது அதுல வேலை செய்யறாங்களா?"

கன்னியம்மாள் பெருமூச்சு விட்டாள். ஆதிநாராயணன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். கமலக்கண்ணனின் தோளில் கைவைத்து அழைத்துப்போய், மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஸ்டிராங்காக ஒரு காபி வந்தது. திட்டுவதற்கென்றே வந்த முனிகிருஷ்ணன் அவரிடம் ஏதோ கேட்டு, முகம் மாறி, மருமகனுக்கு விசிறிவிட ஆரம்பித்தார். இந்த வீட்டு விசேஷங்களில் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா பார் என்பதைத் தவிர வேறெதற்கும் கமலக்கண்ணனை யாரும் கூப்பிட்டதில்லை. இப்போது எல்லோரும் அவனைச் சுற்றி மெதுவாகப் பேசினார்கள். உண்மையைச் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தான். இரண்டு முறையும் யாரோ தண்ணீர் கொடுத்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை தீனாதான் நேராக லேப்டாப்புக்குப் போனான். அவனும் அதே விளையாட்டை ஆடுகிறவன். மாலை போடுவதற்கு முன் கிடைத்த இடைவெளியில் ஸ்வர்ணலதாவுக்குப் பக்கத்தில் குனிந்து திரையோரத்தில் இருந்த வரியைப் படித்தான். நிமிர்ந்தபோது அவன் உதடு துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை.

"மரம் ஏத்தின கப்பலுண்ணா இது," என்றான் கமலக்கண்ணனிடம் தணிந்த குரலில். "அதான் அவ்ளோ நேரம் மிதந்திருக்குது. இத அடிவயித்துக்குக் கீழ வெடிக்கற மாதிரி அடிக்கணும். ரெண்டா முறிஞ்சு ஒடனே போயிடும்."

"ஒடனே போயிட்டா படகு எறக்க நேரம் ஏது?" என்றாள் ஸ்வர்ணலதா.

தீனா அவளைப் பார்த்தான். "இல்லக்கா, அந்தப் படகெல்லாம் சும்மா..."

கமலக்கண்ணன் அவன் காலை மிதித்தான். "அந்த ரோந்துக் கப்பலு வந்துச்சே, எதுக்கு வந்துச்சு? அவங்கள ஏத்திக்கினு போவத்தான். இல்லியா சகலை?"

தீனா ஒரு கணம் யோசித்தான். "ஆமாக்கா. அதுக்குன்னேதான் வரும். ஒருத்தரையும் விடாது."

ஸ்வர்ணலதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னும் தட்டே மாத்தல. அதுக்குள்ள ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்தாச்சு," என்றாள். ஆனாலும் லேப்டாப்பை மூடி நாற்காலிக்கு அடியில் வைத்தாள். தங்கைக்கு முடி ஒதுக்கிவிடப் போனாள். போகிற போக்கில் கமலக்கண்ணனின் சட்டையில் போடாமல் விட்டிருந்த பொத்தான்களையும் போட்டுவிட்டுப் போனாள்.

ஆதிநாராயணன் திரும்பி வந்தார். "ஏதாவது சேதி வந்துச்சா பாபு?"

கமலக்கண்ணன் தீனாவைப் பார்த்தான். தீனா சுவரைப் பார்த்தான்.

"வந்துச்சுங்க," என்றான் கமலக்கண்ணன். "எல்லாரும் பொழச்சுட்டாங்க."

ஆதிநாராயணன் திருமலைப் பக்கம் திரும்பி, கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு நாதஸ்வரக்காரர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, மைக்கை வாங்கி, நல்ல காரியம் தொடங்கும் வேளையில் நல்ல சேதி வந்திருப்பதாகத் தமிழில் ஒரு தடவையும் தெலுங்கில் ஒரு தடவையும் அறிவித்தார். யார் பிழைத்தார்கள் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. இருந்தாலும் மண்டபம் முழுக்கக் கை தட்டியது. கன்னியம்மாள் எல்லோரையும்விட உரக்கத் தட்டினாள்.