செக்கன் முள் பார்க்கும் மாப்பிள்ளை

1

'வெயிலில் மினுங்கிய வயல்களுக்கு நடுவே……'

வேண்டாம். எல்லாரும் வயலில்தான் தொடங்குகிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியில் மடிக்கணினி திருத்தும் கடையொன்றில் காத்திருந்தபோது ஒருவர், "தம்பி, இது கொதிக்குது. ஒரு சீட்டு விளையாட்டுக் கணக்குத்தான் போட்டனான்" என்றார். சீட்டுக் கணக்குக்கு ஏன் கணினி கொதிக்கவேண்டும்? அந்த அரிப்புத்தான் இந்தக் கதை. அவருக்குப் பிரதாபன் என்று பெயர் வைத்துக் கணித ஆசிரியராக்கினேன். கலியாணமாகாதவன் என்றும் சேர்த்தேன். (ஆசிரியர்கள் மன்னிக்க.)

2

பெண் நிசாந்தினி, உருத்திரபுரம். இரண்டு சம்பந்தங்கள் சாதகத்தால் குழம்பிப் போனவள். பிரதாபனுடையது பொருந்திவிட்டது. ஆனால் முதல் தொலைபேசிப் பேச்சிலேயே அவள் சொல்லிவிட்டாள்.

"அப்பா ராகுகாலம், நல்லநேரம் எண்டு நேரம் பாக்கிறது அவரின்ரை பாடு. நீங்களும் பாக்கிற ஆளெண்டா இப்பவே சொல்லிப்போடுங்கோ. நான் மாட்டன்."

"சத்தியமா இல்லை. நான் கணக்குப் படிச்சனான்."

அந்தக் குரலுக்காகவே அவளைக் கட்டவேண்டும் என்று அவனுக்கு ஆசை பிடித்தது. மிச்சமிருந்தது தகப்பன் ராஜரத்தினம். கனடாவிலிருந்து வந்த தம்பியிடம் போக்கர் என்ற சீட்டாட்டம் பழகிவிட்டு, ஞாயிறுதோறும் காசுக்குப் பதில் புளியங்கொட்டையைப் பந்தயம் வைத்து விளையாடுபவர். "சாதகம் சரி. இனி ஆளைப் பாக்கவேணும். கையிலை சீட்டைக் குடுத்தால் தெரியும்" என்று அழைப்பு விட்டிருந்தார்.

3

பிரதாபன் சீட்டைத் தொட்டதே இல்லை. அதனால் சோல்வர்* என்ற மென்பொருளை இறக்கினான். அது தன்னோடு தானே இலட்சக்கணக்கான தடவை விளையாடிப் பார்த்துவிட்டுச் சொல்லும்: கையில் ஒன்றுமில்லாத இந்த நிலையில் நூற்றுக்கு முப்பது தடவை நல்ல சீட்டு இருப்பதுபோல் பந்தயம் கட்டி வெருட்டு, எழுபது தடவை ஆட்டத்தை விட்டுச் சீட்டைக் கவிழ்த்து வை.

சரி, இந்தத் தடவை முப்பதா எழுபதா? மனத்தை நம்பக்கூடாதாம். ஆகவே விளையாடுபவர்கள் கைமணிக்கூட்டைப் பார்ப்பார்கள். அறுபது விநாடியில் நூற்றுக்கு முப்பது என்றால் பதினெட்டு; செக்கன் முள் அதற்குள் நின்றால் வெருட்டு. தாண்டினால் கவிழ்.

(*'தீர்வி' என்று எழுதிப் பார்த்தேன். இருமல் மருந்து போலிருந்தது.)

4

ஞாயிறு. பிரதாபன் மணிக்கூட்டைப் பார்த்தான், கவிழ்த்தான். பார்த்தான், கவிழ்த்தான். பார்த்தான், கையில் ஒன்றுமே இல்லாமல் புளியங்கொட்டை முழுவதையும் நடுவே தள்ளினான்.

ராஜரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"விமலேஸ்வரி! இஞ்சை ஓடிவா! பொடியன் ஒரு கொட்டை வைக்கிறதெண்டாலும் நேரம் பாத்துத்தான் வைக்கிறான்! எங்கடை ஆளடி!"

மனைவி குசினியிலிருந்து ஓடிவந்தாள். சம்மதம் அந்த இடத்திலேயே கிடைத்துவிட்டது. தேத்தண்ணித் தட்டோடு வந்த நிசாந்தினியும் அதைக் கேட்டாள். (தட்டை வெட்டிவிட நினைத்தேன். வெறுங்கையோடு அவளை எந்தச் சாட்டில் வெளியே கொண்டுவருவது?)

இந்த இடத்தில் எனக்குப் பிரதாபன்மேல் சந்தேகம் வந்தது. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் என்ன? சொன்னால் தகப்பன் போய்விடுவார். சொல்லாவிட்டால் மகள் போய்விடுவாள். பாவம், முழித்துக்கொண்டிருந்தான்.

5

வாசல் படலையடியில், அவன் மோட்டார்சைக்கிளுக்குப் பக்கத்தில் அவள் வந்து நின்றாள்.

"நேரம் பாக்கமாட்டன் எண்டனீங்கள்."

அவன் எல்லாவற்றையும் கொட்டினான். மென்பொருள், முப்பது, எழுபது, செக்கன் முள்.

"அப்ப ராகுகாலம் இல்லை. கொம்பியூட்டர்."

"ஓம்! ஓம்!"

"அது சொன்னபடி செய்வீங்கள். அப்பாவும் சாத்திரியார் சொன்னபடிதான் செய்யிறவர்."

அவன் தலைக்கவசத்தை எடுத்தான். அவள் விடவில்லை.

"எதிரிலை இருக்கிற ஆள் ஆரெண்டு அதுக்குத் தெரியுமோ?"

"தேவையில்லை! ஆர் இருந்தாலும் அதுக்கு ஒண்டுதான்." கணிதக்காரனின் பெருமையோடு சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

"அதுக்கு நான் ஆரெண்டாலும் ஒண்டுதான். உங்களுக்கு?"

6

முடிவு ஒன்று: மடிக்கணினியை இரணைமடுக் குளத்தில் எறிகிறான். (முடியாது. அது பாடசாலையினது.)

முடிவு இரண்டு: அழகாக ஒரு பதில் சொல்கிறான். எழுதினேன். மூன்று விதமாக எழுதி, எது அவளை அதிகம் இளக்கும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பிறகு என்மேலேயே எனக்கு வெட்கமாகிவிட்டது.

முடிவு மூன்று: அவள் தானாகவே மனமிரங்கி……

உள்ளே ராஜரத்தினம் முகூர்த்தம் பார்க்கப் பஞ்சாங்கத்தை விரித்துவிட்டார். அவள் போகாமல் நிற்கிறாள். பிரதாபன் வாயைத் திறந்துவிட்டான். அவனுக்கு நான் ஒரு சொல்லும் கொடுக்கப்போவதில்லை. கொடுத்தால் அதுவும் யாரோ சொல்லிக்கொடுத்ததாகிவிடும், அவள் கண்டுபிடித்துவிடுவாள். வாசகரே, தயவுசெய்து நீங்களும் எடுத்துக்கொடுக்காதீர்கள்.