ஐஸ்பெட்டிக்காரருக்கு ஒரு கிரெடிட் கார்டு

கள்ளக்குறிச்சியில் ஐஸ்பெட்டி வாடகைக்கு விடுகிற தைரியநாதன் சிரித்துப் பார்த்தவர்கள் மொத்தம் மூன்று பேர். மூவரும் இப்போது உயிரோடு இல்லை. மூவருக்கும் அவரே பெட்டி கொண்டுபோய் வைத்தார், நியாயமான வாடகைக்கு.

அழுது பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாகச் சாவு வீட்டுக்குள் நுழைந்து, ஆளைப் பெட்டிக்குள் படுக்க வைத்து, பிளக்கைச் சொருகி, ஒயரை யாரும் மிதிக்காதபடி ஓரமாக இழுத்துவிட்டு வெளியே வந்து நிற்கிற மனுஷன். பெட்டிக்குள் இருக்கிற நாலு டிகிரி மெல்ல மெல்ல அவருக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. அவருடைய அப்பா செத்த அன்றைக்கும் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தார். பார்த்த பிறகு, இப்போது அழ வேண்டும் என்று ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வரவில்லை. நாற்காலி பத்து குறைகிறது என்று யாரோ சொன்னார்கள், எடுத்துவரப் போய்விட்டார்.

சித்திரை வெயிலில் அவர் மத்தியானத் தூக்கம் போடுவது காலிப் பெட்டிக்குள்தான். ஒரு தடவை களமருதூரிலிருந்து பெட்டி கேட்டு வந்தவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். தைரியநாதன் உள்ளேயிருந்தபடியே கண்ணாடி மூடியைத் தூக்கிக்கொண்டு எழுந்து, எந்த ஊர் என்று கேட்டார். வந்தவர் தியாகதுருகம் போய்த்தான் நின்றார். அங்கிருந்து போன் பண்ணி, பெட்டி வேண்டாம், சாயங்காலமே பிணத்தை எடுத்துவிடுகிறோம் என்றார்.

கம்பெனியில் மூன்று பேர். தைரியநாதன், போன் எடுக்கிற அவர் மனைவி ஆனந்தமேரி, வண்டி ஓட்டுகிற டென்னிஸ். டென்னிஸுக்கு நாற்பது வயது. ஐஸ்பெட்டியோடு கல்வராயன் மலை ஏற அவனை விட்டால் ஆள் கிடையாது. மற்ற டிரைவர்கள் மூன்றாவது வளைவிலேயே, பின்னால் யாரோ இருமுகிறார்கள் என்று சொல்லி இறங்கி ஓடிவிட்டார்கள். இருமல் டென்னிஸுக்கும் கேட்கும். “ஒடம்பப் பாத்துக்க பெருசு” என்று சொல்லிவிட்டு கியரை மாற்றுவான்.

அப்படிப்பட்டவன்தான் போன ஐப்பசி மழையில் மலைமேல் பங்க்கில் மாட்டிக்கொண்டான். டீசல் இல்லை. கையில் காசு இல்லை. போனில் அனுப்பச் சொல்லலாமென்றால் சிக்னல் இல்லை. பெட்டிக்குள் ஆள் இருக்கிறது. கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து டீசல் போட்டான். மறுநாளே தைரியநாதன் மோதிரத்தை மீட்டுக் கொடுத்துவிட்டார். ஆனாலும் டென்னிஸின் மனைவி பிரின்சி பதினேழு நாள் அவனோடு பேசவில்லை. பதினெட்டாம் நாள் பேசியது பேசாமல் இருந்ததைவிட மோசமாக இருந்தது.

மார்கழி பிறந்ததும் டென்னிஸ் வந்து நின்றான்.

“அண்ணே, என் கையில ஒரு கார்டு குடு, டீசல் போட. பொங்கல் முடிஞ்சி காலேஜ் தொறக்கறதுக்குள்ள குடுத்துடு. இல்லன்னா நான் காலேஜ் பஸ்சு ஓட்டப் போறேன். அதுல ஏறுறவன் எறங்கி நடந்து போறானாம்.”

தைரியநாதன் சரி என்றார். டென்னிஸ் போய்விட்டால் மலைக்கு வண்டி இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. வண்டி இல்லாவிட்டால், கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போன பிள்ளைகள் வந்து முகம் பார்க்கிற வரைக்கும் மலையில் செத்தவர்கள் காத்திருக்க முடியாது என்றும் தெரிந்தது. இதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்றுகூடத் தெரிந்தது. அந்தப் பயம் மட்டும் வந்து சேரவில்லை.

டவுனிலிருக்கும் ஒரு வங்கியிலிருந்து இளமாறன் என்கிறவன் வந்தான். சின்னக் கம்பெனிகளுக்கு கிரெடிட் கார்டு பிடித்துக் கொடுக்கிற வேலை. மாசக் கணக்குக்கு இன்னும் ஒரு கார்டு குறைந்ததால், கடையில் இருந்த நாலு பெட்டிகளையும் பார்க்காத மாதிரி உட்கார்ந்து மூன்று படங்களை மேசைமேல் பரப்பினான்.

முதலாவது கருப்புக் கார்டு. விமான நிலையத்தில் மெத்தை நாற்காலி, சாப்பாடு, இலவசம். சேர்ந்தால் ஒரு மிக்சியும் தருவார்களாம். ஆனந்தமேரி அந்தப் படத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

“நம்ம பார்ட்டிங்க யாரும் ஏரோப்ளேன்ல போறதில்லப்பா” என்றார் தைரியநாதன். “நேராவே போயிடுறாங்க.”

இரண்டாவது டீசல் கார்டு. டீசலுக்குத் தள்ளுபடி உண்டு. முதலாளி பேரில் ஒரே கார்டு. யார் கொண்டுபோய்க் கொடுத்தாலும், ஒவ்வொரு தடவையும் முதலாளி போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னால்தான் டீசல் இறங்கும். மூன்றாவது வெறும் வெள்ளைக் கார்டு. தள்ளுபடி இல்லை, மிக்சி இல்லை, வருஷத்துக்கு ஒரு கட்டணம் வேறு. ஆனால் வேலையாள் பேரிலேயே இன்னொரு கார்டு தருவார்கள். அதற்கு அவனுடைய சொந்த ரகசிய நம்பர், போனுக்கு எதுவும் வராது.

டீசல் கார்டுதான் முதலாளிக்குப் பாதுகாப்பு என்று இளமாறன் அடித்துச் சொன்னான். தைரியநாதன் மூன்று படங்களையும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எது வந்தாலும் ஒன்றுதான் போலிருந்தது. கடைசியில் இரண்டாவதையே எழுதச் சொன்னார்.

நாலாம் நாள் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. வங்கிக்காக விலாசம் விசாரிக்க வந்த ஆள் எதிர் டீக்கடையில் கேட்டிருக்கிறார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லியிருக்கிறார் டீக்கடைக்காரர். அவர் தலைக்கு எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், பன்னிரண்டடி நீளத்துக்கு தைரியநாதன் பேரும் போட்டோவும் போர்டில் தொங்குகிறது. பக்கத்து வீட்டு விஜயலட்சுமி இரண்டு தடவை பெட்டி எடுத்தவள். கேள்வி முடிவதற்குள் கதவைச் சாத்தி, வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டாள். ஐஸ்பெட்டிக்காரர் பேரை வாசலில் நின்று சொன்னால் பெட்டி அந்த வாசலை அடையாளம் வைத்துக்கொள்ளும் என்று அந்தத் தெருவில் ஒரு பயம். யார் போனிலும் அவர் பேர் கிடையாது. ‘எலக்ட்ரீசியன்’ என்று பதிந்து வைத்திருப்பார்கள். விசாரித்தவர் எழுதிக் கொடுத்த அறிக்கைப்படி, அப்படி ஒரு மனிதர் இல்லை, அப்படி ஒரு கடை இல்லை, தெரு இருப்பதாகத் தெரிகிறது.

இளமாறன் தலையில் கை வைத்துக்கொண்டான். அக்கம்பக்கம் வேண்டாம், வாடிக்கையாளர் இரண்டு பேர் தெரியும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாலும் போதும், நானே எழுதி வாங்குகிறேன் என்றான்.

“நம்ம பேர சாவு வூட்லதான் கூசாம சொல்லுவாங்க” என்றாள் ஆனந்தமேரி. “அங்க இட்டுகினு போங்க இந்தத் தம்பிய.”

மறுநாள் காலையிலேயே வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆள் வந்தது. செல்லியம்மாள் என்கிற கிழவியின் வீட்டுக்காரர் போய்விட்டார். இரண்டு மகன்களும் கேரளத்திலிருந்து வர வேண்டும். டென்னிஸுக்கும் தைரியநாதனுக்கும் நடுவில் இளமாறன் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு மலை ஏறினான். மூன்றாவது வளைவில் அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பெட்டி காலிதானே என்று கேட்டான். ஆமாம் என்றான் டென்னிஸ். அதற்குப் பிறகு இளமாறன் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை.

மலைமேல் பங்க்கில் டீசல் போட்டார்கள். தன்னிடமும் அதே டீசல் கார்டு இருக்கிறது, எவ்வளவு சுலபம் பாருங்கள் என்று இளமாறன் தன் கார்டை நீட்டினான். பங்க்காரர் அதை வாங்கி மெஷினோடு இடுப்பில் சொருகிக்கொண்டு பக்கத்துப் பலாமரத்தில் ஏறினார். மெஷினுக்கு நாலாவது கிளையில்தான் சிக்னல். நம்பர் போனுக்கு வரும் என்று மேலேயிருந்து கத்தினார். இளமாறன் போனுக்குப் பலாமரம் ஒத்துக்கொள்ளவில்லை. அது வேறு கம்பெனி, அதற்கு நெல்லிமரம். பூட்ஸைக் கழற்றிவிட்டு அவன் நெல்லிமரம் ஏறினான். நம்பர் வந்தது. அவன் ஒவ்வொன்றாகக் கத்த, காற்றில் பாதி எதிர்மலைக்குப் போய்விட, பங்க்காரர் மறுபடி கேட்க, அதற்குள் நம்பரின் ஆயுள் முடிந்துவிட்டது. மூன்று நம்பர்கள் இப்படியே செத்தன. நாலாவது தடவை தைரியநாதன் சட்டைப் பையிலிருந்து ரொக்கத்தை எடுத்துக் கொடுத்தார்.

பங்க்காரர் இறங்கி வந்து, முதலாளி கீழே கள்ளக்குறிச்சியில் இருந்தால் நம்பர் அங்கேதான் போகும், இதுவும் முடியாது என்றார்.

செல்லியம்மாள் வீட்டில் தைரியநாதன் எப்போதும் செய்வதைச் செய்தார். பெரியவரைப் படுக்க வைத்தார். வேட்டியைச் சரி செய்தார். ஜெனரேட்டரைப் போட்டு, பிளக்கைச் சொருகி, ஒயரை ஓரமாக இழுத்தார். வெளியே வந்து வேலியோரம் நின்றார். இளமாறன் கூச்சத்தோடு படிவத்தை எடுத்துக்கொண்டு கிழவி பக்கத்தில் குந்தினான். இவரை எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்டான்.

“வருசம் இன்னா தெரியும்? எங்க மாமியாளுக்கு வந்தாரு. கொழுந்தனுக்கு வந்தாரு. மண்ணு ரோடா இருக்கச்சே, பொட்டிய ஆளுங்க தோள்ல வெச்சி தூக்கிகினு வந்தாரு. இப்ப இவருக்கு.”

ஆள் எப்படி என்று படிவம் கேட்டது. இளமாறனும் கேட்டான்.

கிழவி வேலியோரம் பார்த்தாள். “அழ மாட்டாரு” என்றாள். “எல்லாரும் அழுதா பிளக்க யாரு சொருவறது? நாளைக்கி எனக்கும் இவரே வரட்டும்னு எழுதிக்கப்பா. எம் புள்ளைங்க வர்ற வரைக்கும் நான் இருக்கணும்.”

ரேகை வைத்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் எழுந்து வந்தார்கள். படிவத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம். நாற்பத்தொரு பேர் கையெழுத்தும் ரேகையும் வைத்தார்கள். பின்பக்கம் நிரம்பி, இளமாறனின் சட்டைக் கைக்கும் கொஞ்சம் வந்தது. வரிசையில் ஒரு வெள்ளாடும் நின்றதாக அவன் பிற்பாடு வங்கியில் சொன்னான். அதை அவர்கள் நம்பவில்லை. மற்றதை நம்பினார்கள்.

வேலியோரம் நின்ற தைரியநாதனுக்கு நெஞ்சின் இடது பக்கத்தில் சுருக்கென்றது. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த காலில் ரத்தம் திரும்பும்போது குத்துமே, அந்த மாதிரி. முந்தின நாள் தின்ற போண்டாவாக இருக்கும் என்று நினைத்து ஓமத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். போகவில்லை.

இறங்கி வரும்போது கச்சிராயப்பாளையம் தெரிந்ததும் தைரியநாதன் இளமாறன் பக்கம் திரும்பினார்.

“தம்பி, அந்த வெள்ளைக் கார்டு. ரெண்டாவது கார்டு டென்னிஸ் பேருல.”

எவ்வளவு எடுத்தாலும் பில் உங்களுக்குத்தான் வரும், ரகசிய நம்பரையாவது நீங்களே போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றான் இளமாறன்.

“அத அவனே போட்டுக்கட்டும். எனக்குச் சொல்ல வேணாம்.”

டென்னிஸ் கியரை மாற்ற மறந்துவிட, வண்டி கொஞ்ச தூரம் முனகிக்கொண்டே போனது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் கார்டு வந்தது. டென்னிஸ் பேர் அதில் மேடாக எழும்பி நின்றது. பிரின்சி விரலால் தடவிப் பார்த்து, எழுத்துப் பிழை இல்லை என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வருஷம் வந்த நல்ல வார்த்தை அதுதான்.

அன்றைக்கே கரியாலூரிலிருந்து போன். மலை ஏறுவதற்கு முன்னால் கச்சிராயப்பாளையம் பங்க்கில் வண்டியை நிறுத்தினார்கள். டென்னிஸ் கார்டைச் சொருகி, மெஷினை நெஞ்சோடு அணைத்து, இன்னொரு கையால் மறைத்துக்கொண்டு நம்பரை அமுக்கினான். பக்கத்தில் தைரியநாதனைத் தவிர வேறு யாரும் இல்லை. அவர் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு, சீட்டு கிழிகிற சத்தம் கேட்கிற வரைக்கும் திரும்பவில்லை.

“காலேஜ்காரங்களுக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேண்ணே” என்றான் டென்னிஸ்.

“சரி” என்றார் தைரியநாதன். வண்டி பங்க்கை விட்டு வெளியே வந்த பிறகு எதிரே ஓட்டலைக் காட்டினார். “மேல சோறு கெடைக்காது. ரெண்டு பொட்டலம் வாங்கிக்க.”

“நீதான் சாவு வூட்டுக்குப் போறப்ப சாப்புட மாட்டியே.”

“இன்னிக்கிப் பசிக்கிது.”

“கார்டுலயே வாங்கட்டா?”

“கார்டுலயே வாங்கு.”