ராணி கவுன்

குழந்தைகள் புத்தகத்துக்கு அவள் வரைந்த இளவரசியின் உடை சரியாக அமையவில்லை. சினிமாவுக்கு உடை வடிவமைக்கும் அண்ணியிடம் போனாள்.

"பாத்து வரைஞ்சா வராது. போட்டுப் பாரு," என்ற அண்ணி, ஒரு ராணி கவுனை அவளுக்கு மாட்டி, முதுகில் நாடாக்களை இறுக்கிக் கட்டினாள். அதற்குள் படப்பிடிப்பிலிருந்து அழைப்பு வரவே, "இதோ வந்துடறேன்" என்று ஓடிவிட்டாள்.

முடிச்சுகளுக்குக் கை எட்டவில்லை. நாளைய காட்சிக்கான உடை என்பதால் கத்தரிக்கவும் முடியாது. பாவாடைக்குள் இருந்த கம்பி வளையங்கள் உட்கார விடவில்லை, வாசலிலும் இடித்தன. கீழே விழுந்த செல்பேசியை எடுக்கக் குனிய முடியாமல் அழுதே விட்டாள்.

மாலையில்தான் அண்ணி வந்தாள். "அய்யோ, மறந்தே போயிட்டேன்! எப்படி இருந்துச்சு?"

அண்ணி முடிச்சுகளை அவிழ்த்துவிட்டதும், இடுப்பில் பதிந்த தடங்களைத் தடவியபடி அவள் பென்சிலை எடுத்தாள். அகலத் திறந்த கதவின் முன் வெளியேற முடியாமல் நிற்கும் இளவரசியை வரைந்தாள். காவலர்களை வரையத் தேவையே இருக்கவில்லை.