மூன்று மணிக்கு முன் கஞ்சி

இருபத்தொரு நாள்! காக்ஸ் டவுன் மார்க்கெட் எஸ்டிடி பூத்தில் நின்று நான் போட்ட கூச்சலில், வெளியே காத்திருந்தவர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும். இருபத்தொரு நாளாக நான் சாப்பிட்டதை வாந்தி எடுக்கவில்லை.

இதெல்லாம் ஒரு சாதனையா என்று கேட்பவர்கள் இரண்டு வருடம் நோராவாக இருந்து பார்த்திருக்க வேண்டும். பகலெல்லாம் பட்டினி, சாயங்காலம் கண்மண் தெரியாமல் தின்பது, பிறகு பாத்ரூம் கதவைச் சாத்திக்கொள்வது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் பயந்துபோய் நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரைப் பார்க்க மூன்று மாதம் ஆகும், அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். வாரம் ஒரு பாடம். நானே படித்து நானே செய்ய வேண்டும். வியாழக்கிழமை தோறும் இருபது நிமிடம் ஆஸ்பத்திரியின் கவுன்சலர் அனந்தலக்ஷ்மி போனில் பேசுவாள்.

என்னைவிட ஐந்து வயது பெரியவளாக இருந்தால் அதிகம். எதைக் கேட்டாலும், "புத்தகம் என்ன சொல்றது?" என்று திருப்பிக் கேட்பாள். ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புத்தகமே எல்லாம் சொல்லிவிட்டால் நீங்கள் எதற்கு என்று ஒருமுறை கேட்டே விட்டேன். சிரித்தாள்.

புத்தகத்தின் முதல் சட்டம், பசித்தாலும் பசிக்காவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிடுவது. பட்டினி கிடந்தால் அன்று சாயங்காலமே பழைய கதைதான். அது எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியும்.

"சூப்பர் நோரா! சரி, நாளைக்கு என்ன பண்ணப் போறேள்?" என்றாள் போனில் அனந்தலக்ஷ்மி.

என் சுருதி இறங்கிவிட்டது. நாளை புனித வெள்ளி. எங்கள் சபையில் காலையிலிருந்து யாரும் எதுவும் சாப்பிட மாட்டார்கள். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று வரை மும்மணி ஆராதனை, ஏழு பிரசங்கம். அதெல்லாம் முடிந்த பிறகுதான் சர்ச் வாசலில் கஞ்சி. கஞ்சி காய்ச்சும் பெண்கள் சங்கத்துக்கு மம்மிதான் தலைவி. "எங்க நோரா லெந்து நோம்பு முழுக்க மத்தியானச் சாப்பாடு தொடறதே இல்ல" என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தவளும் அவள்தான். மூன்று வாரமாக நான் காலேஜ் கேன்டீனில் ஒழுங்காகச் சாப்பிடுவது அவளுக்குத் தெரியாது.

"ஒரு நாள்தானே மேடம், சாப்பிடாம விட்டுடட்டுமா?"

"புத்தகம் என்ன சொல்றது?"

"வீட்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லணுமாம்."

"சொல்லியாச்சா?"

"இல்ல."

"விட்டா நாளைக்கு சாயங்காலம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத்தான் நன்னாத் தெரியும்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு அடுப்படியில் நின்று பிரெட்டும் ஜாமும் தின்றுகொண்டிருந்தேன். வெள்ளைப் புடவையில் மம்மி உள்ளே வந்தாள்.

"நோரா! இன்னிக்குப் போயி சாப்பிடறியா?"

சொன்னேன். இரண்டு வருடக் கதையையும், புத்தகத்தின் மூன்று மணி நேரச் சட்டத்தையும் நின்ற இடத்தில் சொன்னேன், பிரெட்டைக் கடித்துக்கொண்டே. நிறுத்தினால் மறுபடி சாப்பிட மாட்டேன் என்று பயம்.

மம்மி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நான் சபையில சொன்னதெல்லாம்?"

அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான்! எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நான் செத்துட்டிருந்தேன். நீ அத பக்தின்னு சொல்லிட்டிருந்த!" என்று கத்தினேன். அவள் கஞ்சி வேலைக்குக் கிளம்பிப் போனாள். நானும் விடுவிடுவென்று, நான் பாடும் சர்ச் கொயரின் ஒத்திகைக்கு நடந்தேன். பதினொரு மணிக்கென்று எடுத்துவைத்த வாழைப்பழம் மேஜையிலேயே கிடந்துவிட்டது.

மூன்றாவது பிரசங்கத்தின்போது பசி கண்ணைக் கட்டியது. கொயர் பெஞ்ச் சபைக்கு நேர் எதிரே. எழுந்து வெளியே போகவும் முடியாது. முடிந்ததும் எந்த பேக்கரிக்குப் போவது, எத்தனை பஃப்ஸ் வாங்குவது என்று மனம் தன்பாட்டுக்குத் திட்டம் போடத் தொடங்கிவிட்டது. இருபத்தொரு நாளும் தண்ணீராய்ப் போகப்போகிறது என்று தெரிந்தும் என்னால் அதை நிறுத்த முடியவில்லை. அழுகையாக வந்தது.

நான்காவது பிரசங்கம் முடிந்து பாட்டு ஆரம்பித்தது. பக்கக் கதவு திறந்தது. மம்மி! கையில் பெரிய எவர்சில்வர் டம்ளர், அதிலிருந்து ஆவி. சபை முழுக்கப் பார்க்க, நேராகக் கொயர் பெஞ்சை நோக்கி வந்தாள். மணி இரண்டுகூட ஆகவில்லை.

முன்வரிசையில் இருந்த காந்தா ஆண்ட்டி அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். "இன்னும் மூணு ஆகலியே! என்ன, உப்பு பாக்கவா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். மம்மி நின்றாள்.

"இல்ல காந்தா. என் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல. நேரத்துக்குச் சாப்பிடறதுதான் அவளுக்கு மருந்து. அது தெரியாம நான் பெரும பேசிட்டுத் திரிஞ்சேன்."

அந்த நேரம் பார்த்துப் பாட்டு முடிந்திருந்தது. கடைசி வரிசைவரை கேட்டது.

டம்ளரை வாங்கிக் குடித்தேன். நாக்கு சுட்டது, நிறுத்தவில்லை. முந்நூறு பேர் பார்வையில், கடைசிப் பருக்கைவரை குடித்தேன். என் மம்மி! ஓடிப்போய் எல்லாரிடமும் காட்ட வேண்டும்போல அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு கர்வம்.

"இதுக்கப்புறம் என்ன பண்ணணும்?" என்று காதருகே குனிந்து கேட்டாள்.

"அரை மணி நேரம் தனியா இருக்கக் கூடாது. இருந்தா பாத்ரூம் பக்கம் போயிடுவேன்."

"தள்ளி ஒக்காரு" என்றாள் மம்மி.